வயிற்றில் தங்கும் படலமும் கொறுக்காய்ச் சாறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடை குறைப்புப் பற்றியவை. அதிலும் ஒரே சாமானைப் பற்றி ஆறு பேர் ஆறு கோணத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் முழங்கால் வலி, தலைமுடிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு 46 வயது, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 82 கிலோ. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு போத்தல் கப்சூல் அனுப்பியிருக்கிறா. இயற்கைப் பிசினால் செய்த படலமாம், வயிற்றிலேயே 8 மணித்தியாலம் தங்கி கொறுக்காய்ச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம், பசி எடுக்காதாம். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லிப் போத்தலில் போட்டிருக்கிறது. இது என்ன சாமான்? நம்பிக் குடிக்கலாமா?
— வாசகி, கொக்குவில்

தங்கச்சி, முதலில் சாமானை விளங்கிக்கொள்வோம். சாதாரண கப்சூலைத் திறந்தால் தூள் கொட்டும். இந்த வகையில் தூள் இருக்காது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஒரு படலம், சேலைக்குக் கொசுவம் பிடிக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாகச் செருகப்பட்டிருக்கும். மூலிகைச் சாறு அந்தப் படலத்துக்குள்ளேயே கலந்திருக்கும். வயிற்றுக்குள் போன சில நிமிடங்களில் வெளிக்கோது கரைந்துவிடும், கொசுவம் அவிழும், படலம் விரிந்து தண்ணீரை இழுத்து ஊதும். விரிந்த படலம் வயிற்றின் கீழ்வாசலை விடப் பெரிதாகிவிடுவதால் உடனே குடலுக்குள் வழுகிப் போக முடியாமல் மேலேயே நிற்கும். அந்த வாசல் ஓய்வாக இருக்கும்போது ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்கு விரிகிற ஒன்றை அது இலேசில் விடாது.

ஆனால் வெறும் வயிற்றில் கதை வேறு. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வயிறு முழுப்பலத்தோடு சுருங்கி, உள்ளே மிச்சம் கிடப்பதை எல்லாம் முற்றத்தைக் கூட்டுகிற மாதிரி கூட்டித் தள்ளிவிடும். அந்த நேரத்தில் வாசலும் நன்றாகத் திறக்கும். சாப்பாடு உள்ளே இருக்கும்வரை இந்தக் கூட்டல் நடக்காது. ஆகவே எட்டு மணித்தியாலம் என்று போத்தலில் எழுதியிருப்பது சாப்பாட்டோடு குடித்தால் ஓரளவு நடக்கலாம், காலையில் வெறும் பிளேன்ரீயோடு குடித்தால் நடக்காது. உங்கள் போத்தலில் என்ன போட்டிருக்கிறது? 'காலையில் வெறும் வயிற்றில்' என்று. அதை வாசித்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தொழில்நுட்பத்தை உண்மையாகவே விளங்கிச் செய்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

கொசுவ மடிப்பு யோசனை நல்ல யோசனை, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவடோப்பா மருந்தை இப்படி மடித்த படலத்தில் வைத்து இஸ்ரேல் நிறுவனம் ஒன்று பல வருடம் உழைத்தது. லெவடோப்பா சிறுகுடலின் மேற்பகுதியில் மட்டும்தான் நன்றாக உறிஞ்சப்படும், உடம்பிலும் அதிக நேரம் நில்லாது. அதனால் மேலே நின்று சொட்டுச் சொட்டாக இறங்குவதில் ஒரு நியாயம் இருந்தது. அப்படியிருந்தும் 2019இல் முடிந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையில் சாதாரண குளிசையை விட மேல் என்று காட்ட முடியவில்லை. அவ்வளவு பொருத்தமான மருந்துக்கே அந்த நிலை என்றால், அதே வண்டியில் ஏற்றப்பட்ட கொறுக்காய்க்கு என்ன நியாயம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

தெற்கில் மீன் அம்புல் தியலுக்குப் போடுகிற கறுத்த சுளைதான் கொறுக்காய். அதன் தோலில் ஐதரொக்சிசித்திரிக் அமிலம் நிறைய உண்டு. உடம்பு மாச்சத்திலிருந்து கொழுப்பைக் கட்டுகிற வழியில் ஒரு நொதியத்தை அது தடுக்கிறது, எலிகளில் சாப்பாடு குறைந்ததும் உண்மை. மனிதரில்? 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வை நான் இன்னும் மறக்கவில்லை. 135 பேர், 12 கிழமை, ஒரு பகுதிக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் ஐதரொக்சிசித்திரிக் அமிலம், மற்றப் பகுதிக்கு வெறும் போலிக் குளிசை. கொறுக்காய் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், போலிக் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள். இரண்டுக்கும் இடையில் கணக்கில் எடுக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. இரண்டு பகுதிக்கும் உணவுக் கட்டுப்பாடு இருந்தது, குறைத்தது அதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். அந்த 1500 மில்லிகிராம் அமிலத்தைக் கொடுக்க, பாதிக்குப் பாதி அமிலம் உள்ள சாறு என்றால் நாளுக்கு 3 கிராம் வேண்டும். விழுங்கக்கூடிய பெரிய கப்சூலுக்குள் ஒரு மில்லிலீற்றர்கூடப் பிடிக்காது, அதற்குள் படலமும் இருக்கவேண்டும், மடிப்புகளுக்கு இடையில் வெளியும் இருக்கவேண்டும். சாறு என்று பார்த்தால் சில நூறு மில்லிகிராம் தேறினால் பெரிய காரியம். 3 கிராமில் பயன் தெரியாத ஒன்றை அதில் பத்திலொரு பங்கு ஆக்கி மெல்ல மெல்ல விட்டால் பயன் எங்கிருந்து வரும்? மெதுவாக விடுவது ஒரு பொருளுக்கு இல்லாத குணத்தைக் கொண்டுவராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொறுக்காய் சேர்ந்த எடைக் குளிசைகளால் ஈரல் பழுதான சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன, சிலருக்கு மாற்று ஈரல் வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. எல்லோருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கண் மஞ்சளாவது, சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போவது, காரணமில்லாத அரிப்பு, ஓங்காளம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

என் பதில்: குடிக்கவேண்டாம். உங்கள் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 32.8 வருகிறது. எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு 23க்கு மேலேயே கவனிக்கத் தொடங்கவேண்டும் என்பதால் உங்கள் கவலை நியாயமானது, அதை நான் சும்மா தட்டிவிடவில்லை. ஆனால் முதல் இலக்கு 82ஐ 60 ஆக்குவது இல்லை, 78 ஆக்குவது. அந்த நாலு கிலோவிலேயே பிரஷரும் சீனியும் இறங்கத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டில் பிட்டைப் பாதியாக்கி மரக்கறியை இரட்டிப்பாக்குங்கள், பின்னேரம் கதைத்துக்கொண்டு சாப்பிடும் மிக்சரை ஆறு கிழமை வீட்டுக்கே வாங்காமல் விடுங்கள். மச்சாளிடம் கோபிக்கவேண்டாம், அவ அன்பாகத்தான் அனுப்பியிருக்கிறா.

நான் சைவம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீட்டில் முட்டைகூட வராது. 'இயற்கைப் பிசின்' என்றால் மரத்தில் வடிகிற பிசின்தானே, எனக்குப் பிரச்சினை இல்லைத்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்லூர்

இல்லை ரீச்சர், இதில் கவனம் வேண்டும். இயற்கை என்ற சொல்லுக்குள் கடலும் கால்நடையும் அடங்கும். கைட்டோசான் என்று போட்டிருந்தால் அது இறால் கோதிலும் நண்டு ஓட்டிலும் இருந்து எடுத்தது (காளானிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆனால் அப்படியானால் போத்தலில் பெருமையாக எழுதியிருப்பார்கள்). ஜெலட்டின் மாட்டினதோ பன்றியினதோ தோலும் எலும்பும். உள்ளே படலம் சைவமாக இருந்தாலும் வெளிக்கோது ஜெலட்டினாக இருப்பதுதான் வழமை. முஸ்லிம் சகோதரர்களும் இதை எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அல்ஜினேற் கடற்பாசியிலிருந்து வருவது, பெக்டின் தோடம்பழத் தோல், அப்பிள் சக்கையிலிருந்து வருவது, குவார் கொத்தவரை விதையிலிருந்து வருவது, இவை மூன்றும் சைவம். வெளிக்கோது செலுலோசு வகை என்று எழுதியிருந்தால் அதுவும் தாவரம்தான். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்களும் கைட்டோசான் என்ற சொல்லைக் கண்டால் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

அக்கா, நான் கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறேன். இறுதி ஆண்டு ஆய்வுக்கு இயற்கைப் பல்பகுதியப் (பொலிமர்) படலத்தில் கொறுக்காய்ச் சாற்றைச் சேர்த்து வயிற்றில் மெதுவாக விடும் வடிவம் ஒன்று செய்ய ஆசை. சோடியம் அல்ஜினேற்றா, கைட்டோசானா நல்லது? இரண்டு தடவை அல்ஜினேற்றில் செய்து பார்த்தேன், கட்டி கட்டியாகத் திரள்கிறது.
— மாணவி

பிள்ளை, உன் கடிதத்தைத்தான் முதலில் வாசித்தேன், நீ செய்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். நான் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு வரமுன்னர் இரண்டு வருடம் இப்படிப் படலம் வார்த்திருக்கிறேன், அதனால் உன் கட்டி ஏன் வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது.

அல்ஜினேற் தண்ணீரில் கரைந்து நிற்பது அது சோடியம் உப்பாக இருக்கும்வரைதான். அமிலம் பட்டு பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறைகிற எண்) மூன்றரைக்குக் கீழே இறங்கினால் அல்ஜினிக் அமிலமாக மாறித் திரண்டுவிடும். நீ போட்ட கொறுக்காய்ச் சாறே ஒரு அமிலம்! சரி, அமிலத்தை நடுநிலையாக்கிய சாற்றுத்தூள் வாங்கினேன் என்றாயானால் அடுத்த கேள்வி, அது எந்த உப்பு? கடையில் கிடைக்கும் சாற்றில் பெரும்பாலும் கல்சியம் உப்பு இருக்கும். கல்சியம் அல்ஜினேற்றின் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில் முட்டைப் பெட்டிக்குள் முட்டை மாதிரி உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்கும். வேண்டிய நேரத்தில் அது நல்லது, படலத்தைக் காயவைத்த பிறகு கல்சியம் குளோரைட்டில் தோய்த்து உறுதியாக்குவதே அதற்காகத்தான், ஆனால் வார்க்க முன்னரே நடந்தால் உனக்குக் கிடைப்பது கட்டி. பொற்றாசியம் உப்பாக உள்ள சாற்றைத் தேடு, கரைசலின் பி.எச்.ஐ ஆறுக்கு மேலே வைத்துக்கொண்டு சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்.

கைட்டோசான் இதற்கு நேர்மாறு, அது அமிலத்தில்தான் கரையும். கொறுக்காய் அமிலத்தோடு சண்டை பிடிக்காது, அந்த அமிலமே அதைக் கரைக்கவும் சங்கிலிகளைக் கொஞ்சம் பிணைக்கவும் உதவும். ஆனால் அதே காரணத்தால் வயிற்று அமிலத்தில் படலம் ஊதிக் கரைந்து சீக்கிரம் போய்விடும். ஆகவே பலர் இரண்டையும் அடுக்குகிறார்கள். அல்ஜினேற்றின் எதிர் மின்னேற்றமும் கைட்டோசானின் நேர் மின்னேற்றமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அமிலத்தில் ஒன்று கரையப் பார்த்தால் மற்றது விடாது. முதலில் தனித்தனியாக வார்த்துப் பழகிவிட்டு அங்கே போ.

கைவேலை பற்றி இரண்டொரு விடயம். நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிராம் அல்ஜினேற் என்று தொடங்கு, கரைத்த பிறகு ஒரு இரவு மூடி வை, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி மேலே வந்து போகட்டும். நான் அவசரப்பட்டு ஊற்றிய முதல் தட்டுகளில் காய்ந்த பிறகு ஒவ்வொரு குமிழி இருந்த இடத்திலும் ஊசித்துளை, மடித்தால் துளையோடு துளை கீறிக்கொண்டு போகும். கிளிசரின் இல்லாமல் வார்த்தால் அப்பளம் மாதிரி நொருங்கும், அல்ஜினேற்றின் எடையில் கால் பங்கு கிளிசரின் சேர்த்துப் பார், கூடினால் ஒட்டும் பிசின் ஆகிவிடும். நாற்பது பாகை வெப்பத்தில் காயவை, இன்னும் சூடாக்கினால் ஓரம் முந்திக் காய்ந்து நடு சுருங்கும். எங்கள் காலநிலையையும் குறித்துக்கொள். ஆடி மாதக் கச்சான் காற்றில் உரித்த படலம் விரலில் வெடிக்கும், அதே கலவை கார்த்திகை மழையில் தட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த ஈரப்பதனில் வைத்தாய் என்று குறிக்காவிட்டால் உன் இரண்டு தொகுதியை நீயே ஒப்பிட முடியாது.

ஒரே இடத்தில் மடித்து மடித்து எத்தனையாவது மடிப்பில் உடைகிறது என்று எண்ணு, முந்நூறைத் தாண்டினால் நிம்மதி. ஐதரோகுளோரிக் அமிலத்தில் பி.எச். 1.2, 37 பாகையில் எவ்வளவு ஊதுகிறது, எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு அமிலம் வெளியே வந்தது என்று பார். கப்சூலுக்குள் மடித்து ஒரு மாதம் வைத்துவிட்டும் அதே சோதனையைச் செய். மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டி, விரியவேண்டியது உருண்டையாகவே கிடப்பதுதான் இந்த வடிவத்தின் பெரிய வியாதி, புதிதாக வார்த்த அன்றைக்குச் சோதிப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

கடைசியாக ஒன்று, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். படலம் உன் ஆய்வுக்கு நல்ல பொருள், கொறுக்காய் நல்ல பொருள் இல்லை. அந்த அமிலம் வேலை செய்யவேண்டிய இடம் வயிறு இல்லை, வயிற்றில் நின்றால் புளிப்பு ஒரே இடத்தில் பட்டுப் புண்ணைத்தான் கிளறும். சித்த மருத்துவத்தில் வயிற்றுப் புண்ணுக்குப் பாவிக்கிற அதிமதுரத்தை யோசித்துப் பார். அதன் இலக்கே வயிற்றுச் சுவர், அங்கே அதிக நேரம் நிற்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. அளவு கூடினால் பிரஷரைக் கூட்டி பொற்றாசியத்தைக் குறைக்கும் என்பதால், குறைந்த அளவை நீண்ட நேரம் கொடுப்பதற்கும் ஒரு நியாயம் வருகிறது. ஆசிரியரிடம் இந்த வாதத்தை வைத்துப் பார். அவர் கொறுக்காய்தான் என்றால் செய், ஆனால் எடை குறையும் என்று முடிவுரையில் எழுதாதே. நீ அளந்தது வெளியே வந்த அமிலத்தை, ஒரு மனிதரின் எடையை இல்லை.

வணக்கம். இணையத்தில் ஒரு மூலிகை எடைக் கப்சூல் வாங்கி மூன்று கிழமையில் 5 கிலோ குறைந்துவிட்டேன். ஆனால் நித்திரை இல்லை, வாய் காய்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூலிகை வேலை செய்கிறது என்பதன் அடையாளமா? மெதுவாக விடும் படல வகைக்கு மாறினால் படபடப்புக் குறையுமா?
— 31 வயது வாசகர், சுன்னாகம்

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். மாறவும் வேண்டாம், அளவைக் குறைக்கவும் வேண்டாம்.

நீங்கள் எழுதிய மூன்று அறிகுறியும் ஒன்றாக வரும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது சிபுற்றமின். ஒரு காலத்தில் டொக்டர் எழுதித் தருகிற எடைக் குளிசையாக இருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரியவந்ததும் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'நூறு வீதம் மூலிகை' என்ற பெயரில் விற்கும் சாமான்களுக்குள் இரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. உங்கள் கப்சூலில் அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சாதாரண மூலிகை மட்டும் உள்ள ஒன்று மூன்று கிழமையில் நித்திரையைப் பறித்து ஐந்து கிலோ இறக்குவது அரிது.

போத்தலையும் மிச்சக் கப்சூலையும் எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு போய் யாழ் போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள், பிரஷரைப் பார்த்து இதய வரைபடமும் எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், ஒரு பக்கம் விறைத்தல் வந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், காசு கட்டத் தேவையில்லை. டொக்டரிடம் 'ஒன்றும் குடிக்கவில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்களை நான் மருந்தக யன்னலில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சரியான வைத்தியம் பிந்தித்தான் கிடைத்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்துகளுக்கும், மருந்தா உணவா என்று எல்லையில் நிற்கும் சாமான்களுக்கும் பொறுப்பு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அவர்களுக்கு முறைப்பாடும் எழுதலாம்.

எனக்கு நீரிழிவு, தைரொயிட் இரண்டும் உண்டு. கொறுக்காய் வேண்டாம் என்றால் சரி, மூலிகை ஒன்றும் இல்லாமல் வெறும் ஜெல் மட்டும் வயிற்றில் ஊதி நின்று பசியைக் குறைக்கும் வகை இருக்கிறதாமே, அது எப்படி?
— வாசகி, பருத்தித்துறை

நல்ல கேள்வி அக்கா, இதில்தான் உண்மையாகவே கொஞ்சம் சரக்கு இருக்கிறது. செலுலோசைச் சித்திரிக் அமிலத்தால் பிணைத்துச் செய்த ஒரு ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது, மருந்தாக இல்லை, மருத்துவச் சாதனமாக. பெயர் பிளெனிட்டி. மதியத்துக்கும் இரவுக்கும் முன்னர் அரை லீற்றர் தண்ணீரோடு எடுத்தால் வயிற்றில் ஊதி இடத்தை அடைத்துக்கொள்ளும், உறிஞ்சப்படாது. 436 பேரில் 24 கிழமை பார்த்தார்கள். ஜெல் எடுத்தவர்கள் எடையில் 6.4 வீதம், போலி எடுத்தவர்கள் 4.4 வீதம் குறைந்தார்கள். 80 கிலோ ஆளுக்கு ஆறு மாதத்தில் மேலதிகமாக ஒன்றரைக் கிலோ அளவு. இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான், அதுவும் இரண்டு பகுதியும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு. குளுக்கோமன்னன் என்ற கிழங்கு நார் இன்னொன்று. நாளுக்கு 3 கிராம், மூன்று வேளையாக, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிளாஸ் தண்ணீரோடு, குறைந்த கலோரிச் சாப்பாட்டோடு என்றால் எடை குறைய உதவும் என்று எழுத ஐரோப்பாவில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தவர்களுக்குத் தொண்டைக்குழாயிலேயே ஊதி அடைத்த சம்பவங்களும் உண்டு. படுக்கப் போகும்போது குடிக்கவே கூடாது.

உங்களுக்கு இரண்டு தடை. ஒன்று, தைரொயிட்டுக்குக் கொடுக்கும் தைரொக்சின் வெறும் வயிற்றில் தனியாகப் போகவேண்டிய குளிசை, ஜெல்லும் நாரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். அடுத்தது, கனகால நீரிழிவில் சிலருக்கு வயிறு தானாகவே மெதுவாகத்தான் காலியாகும். சாப்பிட்டு வெகுநேரம் கழித்தும் வயிறு பாரமாக இருக்கிறது, பழைய சாப்பாடு ஏப்பத்தில் வருகிறது என்றால், அங்கே தங்கும் சாமான் எதையும் போடவேண்டாம். சீனிக் குளிசையின் நேரமும் அளவும் மாற வேண்டி வரலாம், கிளினிக்கில் கேட்காமல் தொடங்காதீர்கள். வயிறு, குடல் ஒபரேசன் செய்தவர்களுக்கும் இதே பதில்.

பிள்ளை, நீங்கள் சொல்லுகிற படலமும் எங்கட பனாட்டும் ஒன்றுதானே? பனாட்டுச் சாப்பிட்டால் மெலியலாமா?
— 72 வயது வாசகர், நவாலி

ஐயா, முதல் பாதிக்கு முழு மனதோடு ஓம். பனம்பழத்தைத் தோலுரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பு போக வடித்து, அந்தக் களியைப் பந்தலில் விரித்த ஓலைப்பாயில் கையால் தடவி வெயிலில் காயவிடுவார்கள். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு பூச்சு, அதற்கடுத்த நாள் இன்னொன்று. போதிய தடிப்பு வந்ததும் ஓரத்தைக் கிளப்பி உரிப்பார்கள், அடிப்பக்கத்தில் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். அந்த மாணவி கண்ணாடித் தட்டில் செய்வதும் இதுதான், பல்பகுதியக் கரைசலை ஊற்றி, தண்ணீரை ஆவியாக்கி, மிச்சத்தைப் படலமாக உரிப்பது. களியில் இருக்கும் பெக்டினும் நாரும்தான் பனாட்டைப் படலமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதிலிருக்கும் சீனி கிளிசரின் மாதிரி அதை வளையவைக்கிறது. என் அம்மம்மா பனாட்டை ஓலைக் குட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே புகையில் தூக்கி வைப்பா, மாரியில் பிசுபிசுக்காமல் இருக்க. ஈரப்பதனை நாங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துச் சமாளித்ததை அவ புகையால் சமாளித்தா.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். பனங்களியின் கைப்புக்குக் காரணமான பொருளுக்கு பிளபெலிபெரின் என்று பெயர், பனையின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. இலங்கை ஆய்வாளர்களே அதை எலிகளில் பார்த்து, குடலில் குளுக்கோசு உறிஞ்சுவதும் எடை கூடுவதும் குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் மண்ணின் பொருள் என்பதால் எனக்கு அதில் தனி ஆசை உண்டு, யாராவது ஒரு பிள்ளை அதைப் படலத்தில் ஏற்றி ஒழுங்காகச் செய்து பார்க்கவேண்டும் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் எலியில் கண்டதை மனிதரில் கண்டதாக எடுக்க முடியாது. அத்தோடு நீங்கள் சாப்பிடுவது பிரித்தெடுத்த கைப்பை இல்லை, தண்ணீர் வற்றிச் சீனி செறிந்த பழத்தை. பாணிப்பனாட்டு என்றால் அதற்கு மேலே பாணியும் ஊறியிருக்கிறது. மெலிவதற்காக அதைச் சாப்பிட்டால் எடை கூடத்தான் வழி.

விரும்பிச் சாப்பிடுகிற ஒரு பண்டமாகச் சாப்பிடுங்கள், அதை நான் நிற்பாட்டமாட்டேன். உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று எழுதவில்லை. இருந்தால் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று, சீனி போடாத பிளேன்ரீயோடு. இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, வந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.